பல்ப் இல்லாமல் எரிந்த விளக்கு

பேய், முனி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போகிற ஆள் நான். தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைக் காக்கிற ரோதைமுனிக்குப் பூசை போட்டால்கூடப் பொங்கலுக்காகத்தான் போவேன், கும்பிட அல்ல. றக்வானைப் பக்கம் கராஜ் வைத்திருக்கிறேன், தொட்டுப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

சுனாமி வந்து இரண்டு வருடம் இருக்கும். ஜப்பானில் ஓடித் தேய்ந்த வேன் ஒன்று வாங்கியிருந்தேன். மீட்டரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணையவே மாட்டேன் என்றது. இரத்தினபுரிக்குக் கொண்டுபோய் ஸ்கேன் போட்டால் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்று காட்டியது, அதுதான் புகையைச் சுத்தப்படுத்துகிற டப்பா. கழற்றிக் குலுக்கினேன், உள்ளே கலகலவென்று சத்தம். அப்போது எல்லாரும் செய்ததையே நானும் செய்தேன். உள்ளே இருந்ததைக் கம்பியால் குத்திக் கொட்டிவிட்டு வெறும் டப்பாவைத் திரும்பப் பூட்டினேன். அப்படிப் பூட்டினால் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும், அதனால் மீட்டரைப் பிரித்து அந்தப் பல்பையே பிடுங்கி எறிந்தேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு!

அடுத்த ஞாயிறு, பட்டப்பகல். மனைவி செல்வியையும் நாலு வயது மகளையும் ஏற்றிக்கொண்டு மலை ஏறினேன். கொட்டுகிற மழை, கண்ணாடியெல்லாம் மூடியாயிற்று, வெற்றிலை துப்ப என் பக்கம் மட்டும் கொஞ்சம் திறந்திருந்தது.

"என்னங்க, தல கிறுகிறுன்னு வருது. பாப்பாவும் வாந்தி வருதுங்குறா."

"வளைவுக்கு அப்பிடித்தான் இருக்கும். தேசிக்காய மோந்துக்க."

மலைப்பாதையில் தலை சுற்றினால் எங்கள் ஆட்களுக்குத் தேசிக்காயை, அதாவது எலுமிச்சையை, விட்டால் வேறு வைத்தியம் தெரியாது. கொஞ்ச நேரத்தில் பின்னால் சத்தமே இல்லை. தூங்கிவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டேன், பாவி!

அப்போதுதான் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பளிச்சென்று, அதே எஞ்சின் படம்! பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. பிடுங்கி எறிந்த பல்ப் எப்படி எரியும்? பார்த்தே தீருவது என்று ஓரங்கட்டி, மீட்டரைப் பிரிக்கிற சாமான் பையை எடுக்கப் பின்கதவைத் திறந்தேன்.

குப்பென்று புகை நெடி. இரண்டு பேரும் துவண்டு கிடந்தார்கள். கன்னத்தில் தட்டினேன், கத்தினேன், அசைவே இல்லை. நான் பூட்டிய டப்பாவின் மூட்டு விட்டுப்போய்ப் புகையெல்லாம் வேனுக்குள் ஏறியிருக்கிறது! இருவரையும் இழுத்து மழையில் போட்டேன். முதலில் மகள் வீரிட்டு அழுதாள், அடடா, என்ன அழுகை அது! அப்புறம் செல்வி கண்ணைத் திறந்தாள்.

"பைத்தியமாங்க ஒங்களுக்கு? புள்ளைய மழையில போட்டு வச்சிருக்கீங்க!"

அந்தத் திட்டைக் கேட்டு நடுரோட்டில் குதித்தேன்.

பக்கத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அவர்களை உட்காரவைத்து, மூச்சு சீரானதும் போய் மீட்டரைப் பிரித்தேன். பல்ப் இல்லை. வெறும் குழி. எனக்கும் புகை ஏறிக் கண் மயங்கியிருக்கும் என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு அந்தக் குழிக்குள் விரலை விட்டேன்.

சுட்டது! வேனை நிறுத்தி அரை மணி நேரமாகிவிட்டது, மற்ற எல்லாம் மழைக் குளிரில் ஜில்லென்று கிடக்க, அந்த ஒரு குழி மட்டும் கொப்புளம் போடுகிற அளவுக்குச் சுட்டது. கொப்புளம் ஆறிவிட்டது. ஆனால் இந்த விரல் நுனிக்கு மட்டும் இன்றுவரை சூடும் தெரிவதில்லை, குளிரும் தெரிவதில்லை.