பதினோரு கிலோ

சேரப்பணஞ்சேரி அரிசி மில்லில் எடை எழுதும் கங்காவுக்குக் கணக்குத் தப்பாது என்று ஊரே சொல்லும். அந்தப் பேச்சை நம்பித்தான் 1988-ல் சந்திரம்மாளுக்குத் திருடி என்று பட்டம் கட்டினார்கள்.

சந்திரம்மாள் களத்தில் நெல் கிளறுகிறவள். மில் முதலாளி பாண்டுரங்கன் அப்போதுதான் ஈரம் பார்க்கிற மீட்டர் வாங்கியிருந்தார். ஈரம் ஒரு சதவீதம் இறங்கினால் நூறு கிலோவுக்கு ஒரு கிலோ குறையும் என்பது அவருடைய வாய்ப்பாடு. ஆயிரம் கிலோ நெல், இருபது சதவீத ஈரம், பத்துக்கு இறங்கும்வரை காய்ந்தது. தொள்ளாயிரம் வரவேண்டும். தராசில் எண்ணூற்று எண்பத்தொன்பதுதான் நின்றது.

"பதினோரு கிலோ குறையுதுங்க" என்று உரக்கச் சொன்னவள் கங்கா. அன்றைக்குக் களத்தில் இருந்தவள் சந்திரம்மாள் ஒருத்திதான். "நான் எடுக்கலீங்க" என்று அவள் சொன்னதை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? மடியை உதறச் சொன்னார்கள். ஒரு மணி நெல்கூட விழவில்லை. அதற்குள் எங்கேயோ கடத்திவிட்டாள் என்று சொல்லி வெளியே அனுப்பினார்கள். அவள் போன பிறகும் நெல் அதே மாதிரி குறைந்துகொண்டுதான் இருந்தது. அப்போதெல்லாம் குருவி தின்றது என்றார்கள். குருவிக்குக் கொடுத்த சலுகையை அந்த மனுஷிக்குக் கொடுக்கவில்லை.

1991-ல் கங்கா ரயில்வே கிளார்க் பரீட்சைக்குப் படித்தாள். வயது வரம்பு முடிகிறது, இதுதான் கடைசித் தடவை. சாப்பாட்டு வேளையில் நெல் மூட்டை மேல் உட்கார்ந்து சதவீதக் கணக்காகப் போட்டுத் தள்ளினாள். லாப நஷ்டம், தள்ளுபடி எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு நாள் கைடில் ஒரு கேள்வி வந்தது. நூறு கிலோ நெல்லில் இருபது சதவீதம் ஈரம். காய்ந்து பத்து சதவீதமானால் எடை என்ன? இதுகூடத் தெரியாதா என்று சிரித்துக்கொண்டே தொண்ணூறு என்று குறித்தாள். விடைப் பக்கத்தில் 88.9 என்றிருந்தது. அச்சுப்பிழை என்று தள்ளினாள், மனசு கேட்கவில்லை. மறுபடி போட்டாள்.

ஈரத்தை விட்டால் நெல் எண்பது கிலோ. எவ்வளவு காய்ந்தாலும் அது மாறாது. காய்ந்த பிறகு அந்த எண்பதுதான் மொத்தத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு. அப்படியானால் மொத்தம் 88.9. முதலாளியின் வாய்ப்பாடு பழைய எடையைப் பிடித்துக்கொண்டிருந்தது. மீட்டர் காட்டியதோ புதிய எடையில் இருந்த ஈரத்தை. நூறுக்கு 88.9 என்றால் ஆயிரத்துக்கு எண்ணூற்று எண்பத்தொன்பது.

அந்தப் பதினோரு கிலோவை யாரும் எடுக்கவில்லை. வெயில்தான் குடித்திருக்கிறது. கங்கா புத்தகத்தை மூடிவிட்டு அழுதாள். வெட்கம் தாங்காத அழுகை அது.

அன்று சாயங்காலமே பஸ் பிடித்து ஒரகடம் போனாள். சந்திரம்மாள் கூட்டு ரோட்டில் வேர்க்கடலை அவித்து விற்றுக்கொண்டிருந்தாள்.

"இன்னா கங்கா, இவ்ளோ தூரம்?"

"யக்கா, அன்னிக்கு நீ எடுக்கல. கணக்கு போட்டுப் பாத்துட்டேன்." கணக்குப் போட்ட தாளை நீட்டினாள். படிக்கத் தெரியாத சந்திரம்மாள் மரியாதைக்கு அதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"மொதலாளிகிட்ட சொல்றேன்க்கா. ஊர்லயும் சொல்றேன்."

"சொல்லு. எம் பொண்ணுக்குப் பேசி வெச்ச எடம் அந்தப் பேச்சாலதான் போச்சி. அவங்களாண்டயும் சொல்றியா? அந்தப் பையனுக்கு இப்ப ரெண்டு கொழந்த கீது."

சந்திரம்மாள் கோபமாகப் பேசவில்லை; கோபித்திருந்தால் தேவலை.

"நான் எடுக்கலன்னு எனுக்கு அன்னிக்கே தெரியும்மா. வாயத் தொறந்து சொன்னேன், நீயும் பக்கத்துலதான் நின்னுகினு இருந்த. உனுக்குத்தான் கணக்கு தேவப்பட்டுது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பரீட்சையில் அதே கணக்கு வேறு எண்களில் வந்தது. கங்கா சரியான விடையைக் குறித்தாள். அதற்கு ஒரு மார்க்.