பூசண வாடையும் ஒரு மூட்டை பனியன் வேஸ்ட்டும்

பெருமாநல்லூரில் வீட்டிலேயே மூன்று மெஷின் போட்டு டி-ஷர்ட் தைத்துக் கொடுக்கிறோம். ஒரு மழைக்காலத்தில் எங்கள் சாம்பிளை முகர்ந்து பார்த்த, ஆர்டர் தரும் கம்பெனியின் மேனேஜர், "பூசண வாடை அடிக்குதுங்க. திங்கக்கிழமை வேற கொண்டாங்க, இல்லீன்னா ஆர்டர் இல்லீங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

சாம்பிள் வைத்திருந்த மர அலமாரியில் அந்துருண்டை போட்டேன், சென்ட் அடித்தேன். வாடை இரட்டிப்பானதுதான் மிச்சம்.

"வித்துத் தொலைச்சிரலாம்" என்றார் கணவர்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் அம்மா வீட்டுச் சீதனம் அது! வாடை எங்கிருந்து வருகிறதென்று பார்க்க, இருவருமாக அதைச் சுவரைவிட்டு நகர்த்தினோம்.

கரப்பான் வராமலிருக்க, பின்னாலிருந்த சுவர் இடுக்கில் ஒரு மூட்டை பனியன் வேஸ்ட்டை, வெட்டி மிஞ்சிய துணித் துண்டுகளை, அடைத்திருந்தது நானேதான்! அது சுவர் ஈரத்தையெல்லாம் குடித்துக் கறுப்பாகப் பூசணம் பூத்திருந்தது. அள்ளி எறிந்தேன். பலகையை வினிகரால் துடைத்து, கதவைத் திறந்து, ஃபேன் போட்டு இரண்டு நாள் காயவிட்டேன்.

திங்கட்கிழமை, அதே அலமாரியில் வைத்து எடுத்துப்போன புது சாம்பிளை மேனேஜர் இரண்டு தடவை முகர்ந்தார்.

"இப்பச் சரிங்க. துணி அனுப்பறனுங்க, தைக்க ஆரம்பிங்க" என்றார்.

இப்போது அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடம் விட்டிருக்கிறேன். கரப்பான் வந்தால் துடைப்பத்தைத்தான் எடுக்கிறேன். விற்கச் சொன்னவர் தன் கல்யாண வேட்டியையும் அதில்தான் வைத்திருக்கிறார்.