எழுபத்தைந்தாம் வருடத் தகடு

இது நடந்தது. சுடுகாட்டில் இல்லை, அமாவாசை இருட்டில் இல்லை. பேக்கர்ஸ்ஃபீல்டில், என் சொந்தப் பட்டறையில், ஜூலை மாதப் பட்டப்பகலில் நடந்தது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று அடித்துச் சொல்பவர்கள் இனிமேலாவது வாயை மூடிக்கொள்ளட்டும். என் பெயர் டெல்ஃபினா. இருபது வருடமாக வண்டி பழுது பார்க்கிறேன். என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல எவனுக்கும் தைரியம் வந்ததில்லை.

என் புருஷன் எஃப்ரேன் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தபோது எனக்கென்று மிஞ்சியது ஒரே ஒரு பொருள்தான். அவனுடைய பழைய பிக்கப் வண்டியின் எட்டு சிலிண்டர் எஞ்சின். "இதை ஒரு டாட்ஸன் இசட் கார்ல தூக்கி வெச்சு, உன்னைக் கடல் வரைக்கும் ஓட்டிட்டுப் போறேன் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருப்பான். மூன்று வருடம் அது தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. விலைக்குக் கேட்டு வந்தவனையெல்லாம் விரட்டி அடித்தேன். அந்த எஞ்சின் ரோட்டில் உறுமாமல் என் கட்டை வேகாது என்று பிடிவாதமாக இருந்தேன்.

ஆனால் எந்த வருடத்து வண்டியில் வைப்பது? எங்கள் தொழிலில் பெண் பார்ப்பதைவிட அதிகமாக விசாரிப்பது இதைத்தான். கலிஃபோர்னியாவில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்து வரைக்கும் வந்த வண்டிகளுக்குப் புகைச் சோதனை கிடையாது. உள்ளே எந்த எஞ்சினை வைத்தாலும் கேட்பாரில்லை. எழுபத்தாறு என்றால் போச்சு. எஃப்ரேனின் எஞ்சின் அந்தச் சோதனையில் ஜென்மத்துக்கும் தேறாது. பார்வைக்கு இரண்டும் ஒரே வண்டிதான். ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவுத் தூணில் ஒரு சின்னத் தகடு இருக்கும். கம்பெனி வண்டிக்குக் கொடுத்த எண்ணும் வருடமும் அதில்தான். அந்தத் தகட்டில் எழுபத்தைந்து என்று இருந்தால் துருப்பிடித்த கூடுகூட நல்ல விலைக்குப் போகும்.

மொஹாவே பாலைவனத்தில் வெர்ன் டோலிவர் என்ற கிழவன் ஒன்றை மலிவாகக் கொடுத்தான். எஞ்சின் இல்லாத மஞ்சள் வண்டி. உரிமைக் காகிதம் எங்கோ தொலைந்துவிட்டது என்றான். அந்தப் பக்கத்தில் அது சகஜம். தகட்டைக் குனிந்து பார்த்தேன். எழுபத்தைந்து. எனக்கு வேறென்ன வேண்டும்?

என் கொழுந்தன் ராமிரோ கூட வந்திருந்தான். வண்டியை ஏற்றிக் கட்டும்போதே முணுமுணுத்தான்.

"இவ்ளோ மலிவா குடுக்கறானே அண்ணி. உள்ள பேய் கீய் இருக்கப் போகுது."

"இருந்தா அது கையிலயும் ஒரு ஸ்பேனரைக் குடு. சும்மா உக்காந்திருக்கிறதுக்கு நீ ஒருத்தன் போதும்."

முதல் நாள். வெளியே தார் இளகுகிற வெயில். பட்டறைத் தகரக் கூரையைத் தொட்டால் கை பொத்துப்போகும். ஆனால் அந்த வண்டியின் கதவுக் கைப்பிடி... ஐஸ் மாதிரி இருந்தது. நிழலில் நிற்கிறது, அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. உள்பக்கமாக. யாரோ உட்கார்ந்து மூச்சு விட்ட மாதிரி ஒரு வட்டம். துணியால் துடைத்தேன். துணியை உதறிவிட்டுத் திரும்பினேன். அதே இடத்தில் மறுபடியும் அதே வட்டம்...

மூன்றாம் நாள். மதியம் இரண்டு பத்து. ராமிரோ சாப்பாடு வாங்கப் போயிருந்தான். எஃப்ரேனின் எஞ்சின் செயின் பிளாக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே வண்டி வாயைத் திறந்து காத்திருந்தது. இறக்க வேண்டியதுதான் பாக்கி. சங்கிலியில் கை வைத்தேன்.

டொக்.

நின்றேன்.

டொக்... டொக்...

கண்ணாடியில் தட்டுகிற சத்தம். உள்ளே இருந்து.

அப்புறம் ஒரு குரல். பெண் குரல். ரொம்ப மெலிசாக...

"போயிடாதீங்க..."

பயந்துதான் போனேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குப் பயம் வந்தால் பின்னாலேயே கோபமும் வந்துவிடும்.

"நான் எதுக்குடி போகணும்? இது என் பட்டறை! வாடகை குடுக்கிறவ நான்! தைரியம் இருந்தா மூஞ்சியைக் காட்டு!"

ஸ்பேனரை ஓங்கிக்கொண்டு கதவை இழுத்துத் திறந்தேன்.

யாருமில்லை.

டக்.

கதவுத் தூணிலிருந்து ஒரு ரிவிட் ஆணி தெறித்தது.

டக்.

இன்னொன்று.

தகடு என் காலடியில் விழுந்தது.

எடுத்துப் பார்த்தேன். கம்பெனியில் அடித்த ஆணிகள் இல்லை அவை. கடையில் பாக்கெட்டில் விற்பவை. இந்த வண்டியில் அதே எண்ணை எஞ்சின் அறையின் பின்சுவரிலும் பொறித்திருப்பார்கள், எஞ்சின் உட்காரும் இடத்துக்கு மேலே. அங்கே தடிமனாகப் பெயிண்ட் அடித்திருந்தது. சுரண்டினேன். நகம் பெயர்கிற அளவுக்குச் சுரண்டினேன்.

வேறு எண். எழுபத்தாறாம் வருட எண்.

ராமிரோ வந்து பார்த்தான். அவன் முகமும் தொங்கிப்போனது. ஆனாலும் சொன்னான்.

"மேல ஒரு கோட்டிங் அடிச்சிரு அண்ணி. எவனுக்குத் தெரியப் போகுது? எஞ்சின் தொங்கிட்டிருக்கு பாரு. அண்ணனை நெனச்சுக்கோ."

நினைத்தேன். நினைக்காமல் இருப்பேனா? ஒரு டப்பா பெயிண்ட் போதும். சாயங்காலத்துக்குள் அந்த எஞ்சின் உறுமியிருக்கும்.

"சரி. அப்ப இந்தத் தகடு எந்த வண்டியோடது?"

"யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரிஞ்சாகணும்டா."

எஞ்சினைத் தரையில் இறக்கித் தார்ப்பாயைப் போட்டு மூடினேன். ஆத்திரத்தில் அழுதேன். அப்புறம் போலீசுக்குப் போன் போட்டுத் தகட்டு எண்ணைப் படித்தேன். மறுமுனையில் இருந்தவர் அதைக் கணினியில் போட்டுப் பார்த்தார்.

"அம்மா... அந்த வண்டியைத் தொடாதீங்க. ஆள் அனுப்பறோம்."

அந்த எண் டார்லா என்ற நர்ஸின் வண்டியுடையது. பதினோரு வருடம் முன்பு வேலை முடிந்து கிளம்பியவள் வீடு போய்ச் சேரவில்லை. அவளும் கிடைக்கவில்லை, அவள் வண்டியும் கிடைக்கவில்லை. வெர்னைப் பிடித்தார்கள். கெர்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு வளைவுக்குக் கீழே, புதர் மூடிய இடத்தை அவனே காட்டினான். எலும்பும் துருவும் கிடைத்தன.

என் மஞ்சள் வண்டியையும் சாட்சிப் பொருளாக இழுத்துப் போய்விட்டார்கள். போகட்டும். நான் இன்னும் ஓர் எழுபத்தைந்தைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். கிடைக்காமல் விட மாட்டேன்.

எல்லாம் முடிந்தபின் வழக்கை விசாரித்த போலீஸ் அதிகாரி நன்றி சொல்ல வந்தார். காப்பி கொடுத்தேன். மனசு கேட்காமல் விசாரித்தேன்.

"வெர்ன் என்னதான் சொன்னான்?"

"வளைவுக்குக் கீழ விழுந்து கெடந்த அவ வண்டியை மேலேருந்து பாத்தானாம். எறங்கித் தகட்டைப் பாத்து எழுபத்தஞ்சுன்னு தெரிஞ்சதும், மேல போய்க் கருவியை எடுத்துட்டுத் திரும்ப எறங்கியிருக்கான்."

"அவ செத்துட்டாள்னு நெனச்சிருப்பான், இல்லையா?"

அவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டார்.

"இல்லம்மா. அவன் தகட்டைக் கழட்டி முடிக்கிற வரைக்கும், அவ அவன் சட்டையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாளாம்."