ஒரு சொட்டும் ஒழுகவில்லை

எங்கள் சித்தப்பாவுக்குக் குவைத் விசா வந்திருந்தது. அவருக்கோ ஊரை விட்டுப் போக மனசே இல்லை. பழைய பெட்ரோல் அம்பாசடர் ஒன்றை வாங்கி, டீசல் இஞ்சின் பொருத்தி, திருப்பதிக்கு டாக்சி ஓட்டப்போவதாகச் சொன்னார். அவருடைய அண்ணனான என் நைனா ஒரு நிபந்தனை போட்டார். முதல் நடையில் எங்களையெல்லாம் நடுவழியில் நிற்காமல் திருப்பதியில் சேர்த்தால் டாக்சி, நின்றால் குவைத்.

டீசல் இஞ்சினுக்கு இரண்டு குழாய் வேண்டுமாம். ஒன்றில் டீசல் போகுமாம், மிச்சம் மற்றதில் டாங்குக்கே திரும்புமாம். அப்புறம் போவானேன் என்று குழம்பினேன். கடைக்காரர் ரப்பர் குழாயைக் காட்டியும் கேட்காமல், உள்ளே ஓடுவது தெரியட்டும் என்று சித்தப்பா கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் குழாயைப் போட்டார். ஊரே குனிந்து பார்த்துவிட்டுப் போனது. சித்தி மட்டும், குவைத் பணத்தில் எழும்பிய எதிர்வீட்டு மாடியைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தாள். புருஷன் போய்விடுவானோ என்று பயப்படுகிறாள், பாவம் என்றார்கள்.

புத்தூர் தாண்டியதும் வண்டி நின்றது. சித்தப்பா அடியில் படுத்துத் தடவித் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. ஒன்றும் புரியாமல் நைனாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடியும் அடியில் படுத்தார்.

அந்த வழியே வந்த லாரி டிரைவர் குழாயைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். உள்ளே முத்து முத்தாகக் குமிழி.

"டீசல் வெளிய வர்ல தம்பி, காத்து உள்ள பூந்துக்கினு கீது."

வெயிலில் பிளாஸ்டிக் இளகி, கிளிப்புக்கடியில் தொளதொளத்திருந்தது. அவரே தன்னிடமிருந்த ரப்பர் குழாயை மாட்டி, இஞ்சினிலிருந்த கை பம்ப்பை அடித்துக் குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினார். வண்டி ஜம்மென்று கிளம்பியது. அதான் ஓடுகிறதே, இனி எதற்குக் குவைத் என்று நைனாவைக் கேட்டேன்.

"சாமிய பாக்கப் போற வண்டி மொத நடையிலயே நின்னுட்ச்சி. அவ்ளோதான்" என்றார்.

மலைமேல் சித்தி யாரிடமும் சொல்லாமல் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தாள். எங்கள் வீட்டில் வேண்டியது நடந்த பிறகுதான் முடி கொடுப்பார்கள். வேண்டுதலா சித்தி என்று கேட்டேன்.

"ஆமாண்டி. நெறவேறிட்ச்சி" என்றாள். அழுகை நின்றிருந்தது.

வண்டி வந்து சேர்ந்ததைச் சொல்கிறாள் என்று நினைத்து எனக்கு ஒரே சந்தோஷம். ஓடிப்போய் சித்தப்பாவிடம் சொன்னேன், சித்தி வேண்டியது பலித்துவிட்டதாம் என்று. அவர் ஏன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார் என்பது எனக்குக் கல்யாணமாகும்வரை விளங்கவில்லை.