கப்பல் வாசல் நாற்காலி

பெட்டிக்குச் சக்கரம் வைத்த புண்ணியவான் எவனோ, அவன் லக்சர் படித்துறைக்கு வந்ததே கிடையாது. வந்திருந்தால் சுமைகாரன் ஷாஸ்லியின் முதுகைப் பார்த்து வெட்கப்பட்டிருப்பான்.

இங்கே கப்பல்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வரிசையாகக் கட்டிக் கிடக்கும். நாலாவது கப்பலுக்குப் போக வேண்டிய பெட்டி, முதல் மூன்று கப்பல்களின் கூடங்களுக்குள் நுழைந்து வெளியேறித்தான் போயாக வேண்டும். அடுத்தவன் கூடத்தில் சக்கரத்தை உருட்டினால் தரையில் கோடு விழும், சண்டை வரும். ஆகவே தூக்கு! மூன்றே மூன்று இரவு நைல் நதியில் மிதந்துவிட்டு அஸ்வானில் இறங்கப் போகிறவர்கள், என்னமோ ஹஜ்ஜுக்குக் கிளம்பின மாதிரி வீட்டையே கட்டிக்கொண்டு வருவார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கையை வீசிக்கொண்டு போய்விடுவார்கள். மீதி எல்லாம் ஷாஸ்லி மாதிரி ஆட்களின் தலையெழுத்து.

முதுகில் பெட்டியும் நெற்றியில் கயிறும் இருக்கும்போது மனுஷனுக்குத் தரையைத் தவிர வேறென்ன தெரியும்? அதனால் கரைச் சுமைகாரர்களுக்கு எந்தக் கப்பலானாலும் தரைதான் முகம். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டது ஒன்று, மரப்பலகை போட்டது ஒன்று, சிவப்புக் கம்பளத்தில் மஞ்சள் பூ விழுந்தது ஒன்று. கப்பலின் பெயரை வெளியே பொன் எழுத்தில் எழுதி விளக்குப் போட்டிருப்பான் முதலாளி. எங்களில் ஒருத்தனுக்கும் அது தெரியாது. "கட்டத்துக்குப் போ", "பலகைக்குப் போ" என்றுதான் பேச்சு.

மஞ்சள் பூக் கம்பளம் ஷாஸ்லியின் தம்பி கமீல் வேலை பார்க்கும் கப்பல். தம்பி என்று சும்மா சொல்லிவிடக் கூடாது. அப்பா செத்தபோது கமீலுக்குப் பால் பல்கூட விழவில்லை. ஷாஸ்லிக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. மருதாணி நிறம் மாறாத கையால் நைமா அந்தப் பயலைக் குளிப்பாட்டி, ஊட்டி, பேன் பார்த்து ஆளாக்கினாள். அவளுக்குப் பிள்ளை பிறந்த பிறகும் முதல் வாய் கமீலுக்குத்தான். அவனை ஓட்டல் வேலை படிக்க அனுப்பியது ஷாஸ்லியின் முதுகு. இன்றைக்குக் கமீல் அந்தக் கப்பலில் சாமான்களுக்கெல்லாம் தலைவன். கோட்டு, டை, காதில் ஒரு கருவி.

முதுகு மட்டும் போய்விட்டது. போன வெயில் காலத்தில் டாக்டர், "இனிமே பாரம் தூக்கினீங்கன்னா கட்டில்லதான் கெடப்பீங்க" என்று சொல்லிவிட்டார். அதைச் சொல்ல அவருக்கென்ன! தூக்காமல் இருந்தால் அடுப்பு எரியாதே. ஷாஸ்லிக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. ஒவ்வொரு கப்பல் வாசலிலும் ஒரு நாற்காலி உண்டு. அதில் ஒருத்தன் உட்கார்ந்துகொண்டு, உள்ளே வந்து குவிகிற பெட்டிகளுக்குக் காவல் இருப்பான். மாதச் சம்பளம், இரண்டு வேளைச் சாப்பாடு. கமீலின் கப்பலில் அந்த நாற்காலி காலியாகியிருந்தது.

"சீசன் ஆரம்பிக்கட்டும்ணே. மேனேஜர் உன் வேலைய ஒருதரம் கண்ணால பாக்கட்டும். சிபாரிசு பண்ணி வெச்சிருக்கேன், அப்புறம் நான் பேசிக்கிறேன்" என்றான் கமீல். ஷாஸ்லி அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கோடையை ஓட்டினான்.

சீசன் தொடங்கிய முதல் நாள் கமீலே போன் பண்ணினான். "அண்ணே, கெய்ரோலேர்ந்து ஒரு பெரிய எடத்து அம்மா வராங்க, இனாஸ் மேடம்னு. மகன் மருமகளோட. மொதலாளிக்கு வேண்டப்பட்டவங்க. அவங்க பெட்டிய வேற எவனும் தொடக் கூடாது, நீயே தூக்கிட்டு வந்து வெய்யி. மேனேஜர் இன்னிக்கு வாசல்லயே நிப்பாரு."

"நீ நிக்க மாட்டியா?"

"நான் மேல சர்பத் குடுக்கணும். நீ பாட்டுக்கு வந்து வெச்சுட்டு நில்லு. தூசி தட்டிக்கிட்டு வா, என்னா?"

ஷாஸ்லி துவைத்த கலாபியா அங்கியைப் போட்டுக்கொண்டு போனான். பெட்டிகள் மூன்று. ஒவ்வொன்றிலும் கல்லா நிரப்பியிருந்தார்கள்? பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினான். கறுப்பு வெள்ளைக் கட்டம் போயிற்று. பலகை போயிற்று. அடுத்து காலடியில் சிவப்புக் கம்பளமும் மஞ்சள் பூவும் வந்தன. அப்பாடா என்று இறக்கினான். மூன்று நடையில் மூன்றையும் அடுக்கினான். மேனேஜரைத் தேடினான், காணோம். கோட்டுப் போட்ட ஒரு பையன் மட்டும், "வெச்சாச்சா? சரி, கெளம்பு" என்றான். கமீல் போடுகிற அதே முதலாளியின் கோட்டுதான். ஷாஸ்லிக்குச் சந்தேகம் எப்படி வரும்?

அந்த முதலாளிக்கு இரண்டு கப்பல். கோடையில் கமீலின் கப்பலுக்குப் புதுப் பளிங்கு போட்டான். கிழியாத கம்பளத்தைத் தூக்கிப் போட மனசு வருமா? அதை எடுத்து அடுத்த கப்பலில் விரித்துவிட்டான். அந்த அடுத்த கப்பல்தான் அன்றைக்கு வரிசையில் மூன்றாவது. கமீலுடையது நாலாவது. இதைக் கமீல் கோடை முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். வாரம் தவறாமல் அண்ணன் வீட்டில் வந்து தின்றுவிட்டுப் போனான். தரை மாறிப்போச்சு என்று ஒரு வார்த்தை சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை. பளிங்கில் நடக்கிறவனுக்குத் தரை ஒரு விஷயமா?

மத்தியானத் தொழுகை முடிந்து ஷாஸ்லி வந்தபோது, நாலாவது விலகி வழிவிட, மூன்றாவது கப்பல் கட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டிருந்தது. படித்துறையில் ஒரே களேபரம். இனாஸ் மேடம் கறுப்புக் கண்ணாடியுடன் நின்று கத்திக்கொண்டிருந்தாள். "கண்ணு ஆபரேஷன் ஆகி பத்து நாள்கூட ஆகல. மணிக்கொருதரம் சொட்டு மருந்து விடணும். அது பெட்டில இருக்கு. பெட்டி எங்கய்யா?"

அவள் கத்தியதில் தப்பே இல்லை. என் கண்ணாக இருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

ஆற்று வழியில் இருக்கும் எஸ்னா மதகில் அந்தக் கப்பலை மறித்துப் பெட்டிகளை இறக்கக் கார் கிளம்பியது. மருமகள் மருந்துக் கடைக்கு ஓடினாள். காரியம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் மேனேஜருக்கு ஒரு தலை வேண்டியிருந்தது. ஷாஸ்லியைக் கப்பல் வாசலுக்குக் கூப்பிட்டார்கள்.

"என்னய்யா, வாயில கொழுக்கட்டையா? எந்தக் கப்பல்னு கேட்டு வெக்கத் தெரியாது?"

"கம்பளம்..." என்று ஆரம்பித்தான் ஷாஸ்லி.

"கம்பளமா? என்ன ஒளர்ற?" மேனேஜர் கமீல் பக்கம் திரும்பினார். "நீ இவன்கிட்ட ஒழுங்கா சொன்னியா இல்லியா?"

கமீல் நாக்குக் கூசாமல் சொன்னான். "சொன்னேன் சார். தரையெல்லாம் மாத்தியாச்சு, நாலாவது கப்பல்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். வயசாயிடுச்சு, காதுல ஏறல."

சரி, சின்னப் பய, பயந்துட்டான், இவன் வேலை போனா என்ன பிரயோசனம், என்மேலயே இருக்கட்டும் என்று நினைத்தான் ஷாஸ்லி. தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டால் நாற்காலி நாளைக்கு இல்லாவிட்டாலும் அடுத்த மாசம் வரும், தம்பி பார்த்துக்கொள்வான் என்று அந்தப் பைத்தியக்கார மனசு கணக்குப் போட்டது. "காதுல விழலைங்க. மன்னிச்சுடுங்க" என்றான்.

மேனேஜர் விடவில்லை. "இவனைத்தான வாசல் நாற்காலிக்கு சிபாரிசு பண்ணின? என்ன, சொந்தமா? சொந்தக்காரன கூட்டியாந்து கப்பல்ல நெரப்பற உத்தேசமா?"

இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு. நடுவில் எலும்பு புடைத்த அந்த அப்பன் மூக்கு. மேனேஜர் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்திருந்தால் போதும்.

"சேச்சே, அதெல்லாம் இல்ல சார்" என்றான் கமீல். "ஊர்க்காரன். பாவம்னு சொன்னேன். அவ்ளோதான்."

ஷாஸ்லி தம்பியையே பார்த்தான். கமீல் காதில் இருந்த கருவியைச் சரி செய்வதுபோல் திரும்பிக்கொண்டான்.

பெட்டிகள் சாயங்காலம் வந்தன. அவற்றை உள்ளே தூக்கிப்போகவும் ஷாஸ்லியைத்தான் கூப்பிட்டார்கள். புதுப் பளிங்கில் அவன் கால் பட்டது அப்போதுதான். வாசல் நாற்காலியில் ஒருத்தன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். யாரென்று கேட்கிறீர்களா? மேனேஜரின் மச்சான். சொந்தக்காரனைக் கொண்டுவந்து நிரப்பக் கூடாது என்றாரே, அதே மேனேஜரின் மச்சான்! தூ.

ஷாஸ்லி ஆற்றைக் கடந்து மேற்குக் கரையில் இருந்த வீட்டுக்குப் போனான். வேலை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் நைமா வாத்து அடித்துக் கீரையும் கடைந்து வைத்திருந்தாள். நடந்ததை அவன் சொல்லச் சொல்ல அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"நாற்காலி போச்சா, போகட்டும்" என்றாள். "ஊர்க்காரன்னா சொன்னான்? அவன் வாயாலயா?"

"அவன் வாயாலதான்."



கப்பல் விடிந்துதான் கிளம்பும் என்பதால், இருட்டிய பிறகு கமீல் வந்தான். கையில் ஒரு கிலோ பஸ்பூசா இனிப்பு. "அண்ணே! அந்தாளு முன்னாடி வேற வழி தெரியலண்ணே. என் வேலையும் போயிருக்கும். உனக்குத் தெரியாதா? அடுத்த வருஷம் கண்டிப்பா..." என்று பேசிக்கொண்டே, வழக்கம்போலச் செருப்பை உதறிவிட்டு நேரே அடுப்படிப் பக்கம் நடந்தான்.

ஷாஸ்லி எழுந்து குறுக்கே நின்றான்.

"அந்தப் பக்கம் வீட்டுப் பொம்பளைங்க இருக்காங்க. நீங்க இப்படி முன் ரூம்ல உக்காருங்க."

கமீல் சிரித்தான். "என்னண்ணே, என்னைப் போயி வாங்க போங்கன்னுக்கிட்டு? நகரு, அண்ணியப் பாக்கணும்."

"உக்காருங்க. ஊர்க்காரங்க யார் வந்தாலும் சாப்பிடாம அனுப்பற வழக்கம் இந்த வீட்ல இல்ல."

சிரிப்பு நின்றது. கமீல் உள்கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "அண்ணி!" பதில் இல்லை. "அண்ணி, நான்தான் கமீல்!" அந்த வீட்டில் அந்தக் குரலுக்கு நைமா ஓடி வராத நாள் கிடையாது. இன்றைக்குக் கதவு லேசாகத் திறந்தது. வளையல் போட்ட ஒரு கை மட்டும் சாப்பாட்டுத் தட்டை நீட்டியது. ஷாஸ்லி வாங்கியதும் கதவு மூடிக்கொண்டது. அன்னிய ஆம்பிளை வந்தால் எங்கள் ஊர்ப் பக்கம் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

வாத்துக் கால் இரண்டையும் விருந்தாளியின் தட்டிலேயே வைத்திருந்தாள். ஷாஸ்லி ரொட்டியைப் பிய்த்துப் பக்கத்தில் வைத்தான். மரியாதையில் ஒரு குறை சொல்ல முடியாது.

"சாப்பிடுங்க. ஆறிடும்."

"அண்ணே, வேணும்னா ரெண்டு அறை அறைஞ்சுடு. இப்படிப் பண்ணாத" என்றான் கமீல்.

"அடிக்கற உரிமை எனக்கு ஏதுங்க?"

உள்கதவுக்குப் பின்னால் நைமா வாயைப் பொத்திக்கொண்டு அழுவது இரண்டு பேருக்கும் கேட்டது. இரண்டு பேரும் எழுந்து போகவில்லை. கமீல் ரொட்டியை எடுத்தான். ஊர்க்காரனாகவே உட்கார்ந்து ஒவ்வொரு வாயாகச் சாப்பிட்டு முடித்தான்.