ஆனி மாதத்தில் நனைந்த உப்பு

மகாராஜன் அண்ணாச்சி காலையில் காபி டம்ளரைத் தொடுவதற்கு முன் உப்பு ஜாடியைத் தொடுவார். மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை கல்லுப்பை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மெல்ல உருட்டுவார். பிறகு விரல்களை விரித்துப் பார்ப்பார். உப்பு தானாக உதிர்ந்தால் வெயில். ஒட்டிக்கொண்டு நின்றால் மழை. ஒட்டியதை நாக்கில் வைத்துச் சப்பிவிட்டுத்தான் காபி.

தூத்துக்குடியில் எங்கள் தெருக்காரர்கள் வானிலைக்காகப் போனைத் திறப்பதில்லை. வத்தல் காயப்போடுவதாக இருந்தாலும், வீட்டுக்குக் கான்கிரீட் போடுவதாக இருந்தாலும், அண்ணாச்சியின் மளிகைக்கடைக்கு வந்து, "உப்பு என்ன சொல்லுது?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

நான் அவர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். மாடிப்படி சமையலறை ஜன்னலை ஒட்டிப் போகிறது. அதிகம் பேசாதவனுக்குப் பார்க்க நிறையக் கிடைக்கும்.

அண்ணாச்சியின் மனைவி செல்லக்கனி அக்காவுக்கு ஒரே ஆசை. பெருங்காயக் கம்பெனி கொடுத்த காலண்டரில் இருந்த பனிமலையை நேரில் பார்க்கவேண்டும். அதுவும் காரில் போய் அல்ல, நடந்து ஏறி. மூட்டு டாக்டர், "இந்த வருஷம் தாங்கும். அடுத்த வருஷத்துக்கு நான் பொறுப்பில்லை" என்று சொல்லியிருந்தார். மலை என்று சொல்ல ஒரு மேடுகூட இல்லாத ஊரில் அக்கா என் மாடிப்படியில்தான் பயிற்சி எடுத்தாள். முதுகில் பேரனின் பள்ளிக்கூடப் பை, பைக்குள் புழுங்கலரிசி.

பயண ஏற்பாட்டு அலுவலகத்தில் ரம்யா தெளிவாகத்தான் சொல்லியிருந்தாள். புரட்டாசியும் ஐப்பசியும் என்றால் வானம் துடைத்துவைத்த மாதிரி இருக்கும். ஆடியில் போனால் அங்கே அடைமழை. மேகத்தைத்தான் பார்த்துவிட்டு வரவேண்டும்.

அண்ணாச்சி சிரித்தார்.

"ஐப்பசியிலயா? ஏளா, ஐப்பசியில நம்ம தெருவே தண்ணிக்குள்ள கெடக்கும். இங்கனயே குடை நிக்க மாட்டேங்கு, மலையில போயி நிக்குமா? ஆடிதான் சரி. ஆடியில என்னைக்காவது ஒரு சொட்டு விழுந்து பாத்திருக்கியா?"

"அது இமயமலைங்க. நம்ம ஊரா?"

"வானம் ஒண்ணுதானளா!"

அன்றைக்கே கடையில் வந்தவர் போனவரிடமெல்லாம் ஆடி என்று அறிவித்துவிட்டார். தெருவும் தலையாட்டிவிட்டது. அதற்குமேல் அவர் வாயிலிருந்து வேறு மாதம் வராது என்று அக்காவுக்குத் தெரியும்.

அதன்பிறகு அவர் ஜாடியைச் சாயங்காலமும் தொட ஆரம்பித்தார். ஆனிக் காற்றில் உப்பு மணல் மாதிரி உதிர்ந்தது. அவர் முகம் ஏனோ சுருங்கியது. பயணக் கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் காலை படியிறங்கும்போது ஜன்னல் வழியே பார்த்தேன். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா திறந்த உப்பு ஜாடியைத் துணியால் பிடித்து, தலைக்கு ஊற்றிய பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டுவதுபோல, ஆவியில் சாய்த்துச் சாய்த்துக் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டாள்.

"தம்பி, நீங்க எதையும் பாக்கல, என்ன?"

"பாக்கலக்கா."

"எதைப் பாக்கல?"

"உப்பை."

"எந்த உப்பை?"

நான் வந்த படியிலேயே மேலே ஏறிவிட்டேன்.

சற்று நேரத்தில் கீழே அண்ணாச்சியின் குரல்.

"ஏளா! இங்க வா! உப்பு தண்ணி விட்டிருக்கு!"

"ஆத்தாடி, ஆனியிலயா?"

"இந்த வருசம் ஆடியில ஊத்தப் போவுது. பயணத்தைத் தள்ளிப் போட்ற வேண்டியதுதான்."

"ஆடின்னு ஊரெல்லாம் சொல்லியாச்சேங்க..." அக்கா குரலில் சோகம் கொஞ்சம் கூடிப்போயிருந்தது.

"உப்பு சொன்னா கேக்கணும்ளா. தீபாவளி யாவாரம் முடிஞ்ச கையோட ஐப்பசியில போவோம்."

கடைக்குச் சாமான் வாங்க வந்த பாண்டியராஜ் கேட்டார், "ஐப்பசியில மழையாச்சே அண்ணாச்சி?"

"அது இங்கன, வே. இமயமலை வேற, நம்ம ஊரு வேற."

உள்ளே பருப்பு அளந்துகொண்டிருந்த அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அந்த ஆடியில் எங்கள் தெருவில் ஒரு தூறல்கூட விழவில்லை. உப்பை நம்பி வீட்டுக் கான்கிரீட்டைத் தள்ளிப்போட்ட செந்தூர்வேல் அண்ணாச்சி, இன்றைக்கும் மளிகைக்கு அடுத்த தெருக் கடைக்குத்தான் போகிறார்.

ஐப்பசியில் நான் முழங்கால் தண்ணீரில் நின்றபடி அவர்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். ஒரு கீறல் மேகமில்லாத வானம். பின்னால் பனிமலை. குரங்குத் தொப்பியில் அக்கா. பக்கத்தில் அண்ணாச்சி, கையில் சின்ன உப்புப் பொட்டலத்தைப் பதக்கம் மாதிரி தூக்கிக் காட்டிக்கொண்டு. பிறகு அக்கா போனில் வந்தாள். "காலண்டர்காரன் கஞ்சப்பய தம்பி. கால்வாசிதான் போட்டிருக்கான்" என்றாள். இறங்கும்போது மூட்டு மறுத்துவிட்டதாம். பாதித் தூரம் அண்ணாச்சியின் தோளில்தான் வந்திருக்கிறாள்.

பொங்கலுக்குப் பிறகு ஒரு டிக்கெட் விஷயமாக ரம்யாவின் அலுவலகத்துக்குப் போனேன். பேச்சு அவர்கள் பயணத்தில் வந்து நின்றது. உப்பு நனைந்த கதையைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை. அவளே சிரித்தாள்.

"அண்ணாச்சி வைகாசியிலயே வந்து ஐப்பசிக்கு ரெண்டு இடம் பிடிச்சு வச்சுட்டாவ. 'விசாரிச்சுட்டேம்மா, நீ சொன்னதுதான் சரி. ஆனா கடையில ஆடின்னு வாய விட்டுட்டேன். வீட்டுல மூச்சு விட்டுராத, உப்பு ஒருநா நனையட்டும்'னாவ. ஆனி பொறந்ததும் போன் போட்டு ஒரே பொலம்பல், நனையவே மாட்டேங்குன்னு. பொறவு ஒருநா காலையில கூப்பிட்டு, 'நனைஞ்சுட்டும்மா! சோத்து வாடை அடிக்கு, ஆனா நனைஞ்சுட்டு'ன்னாவ."