ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ஆன்டெனா

படம் ஒழுங்காகத் தெரியும்வரை கேபிள்காரன் என்று ஒருவன் ஊரில் இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. எண்பதுகளின் கடைசியில் செஞ்சி கடைத்தெருவில், ஒரு முதலாளியிடம் சம்பளத்துக்கு, ஒரு மாடி அறையில் இரண்டு வீடியோ டெக், படத்தையும் ஒலியையும் கேபிளில் ஏற்றிவிடும் ஒரு மாடுலேட்டர், மொட்டை மாடியில் ஒரு ஆன்டெனா என்று கட்டி மேய்த்தவன் நான். இதே பாடு பட்டவர்களுக்குச் சொல்லாமலே புரியும்.

சுருங்கிய படம்

வேர்க்கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சும் மாதங்களில் வோல்டேஜ் படுத்துவிடும், டி.வி.யில் படம் சுருங்கிவிடும். ஸ்டெபிலைசர் முனகும், டெக் தானாக நின்றுவிடும். ஒருநாள் சண்டைக்கு வந்த விவசாயி ஒருவரிடம், எல்லாரும் மோட்டாரைப் போட்டால் இப்படித்தான் என்றேன். அவர் கேட்டார்: "நானே மோட்டார போட்டுட்டுதான் படம் பாக்க வந்தேன். இப்ப எத நிறுத்தச் சொல்ற?"

சத்தம் போன சாயங்காலம்

மாடுலேட்டரில் ஒலி மட்டும் போய்விட்டது. ஐந்தே நிமிடத்தில் மாடிப்படி முழுக்க ஆள். சால்டரிங் அயர்ன் சூடாகும்வரை எவருக்கும் பொறுமையில்லை. புகார் வராத ஒரே வீடு துணிக்கடை காதர் பாயுடையது. மறுநாள் அவரைத் தேடிப் போய் நன்றி சொன்னேன். பாய் விழித்தார். "சத்தம் போச்சா? நான் கடையில இருந்தேன் தம்பி. டி.வி. பாத்தது என் தங்கச்சி."

நாலு கை

சென்னை சிக்னல் நேராகவும் வரும், எங்கள் கோட்டையின் கிருஷ்ணகிரி மலையில் மோதியும் வரும். அதனால் திரையில் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஒரு நிழல். ஊர் பழகிவிட்டது, நானும் பழகிவிட்டேன்.

பாய் ஒருநாள் தங்கை நூர்ஜஹானை அழைத்து வந்தார். பிறவியிலேயே தங்கைக்குக் காது கேட்காது. புதுச்சேரியில் கைஜாடை படித்தவர். ஞாயிறு மதியம் வரும் கைஜாடைச் செய்திதான் அவருக்கு வாரம் முழுவதற்குமான உலகம். அதைப் பார்த்து வீட்டுக்கும் செய்தி சொல்வது அவரே. நூர்ஜஹான் கோபமாகக் கைகளை வீச, பாய் சொன்னார்: "செய்தி சொல்ற அம்மாவுக்கு நாலு கை தெரியுதாம். எந்தக் கைய நம்பறதுன்னு கேக்குறா."

பைப் ரெஞ்சு

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆன்டெனாவைக் கொஞ்சம் கிழக்கே திருப்பியதும் நிழல் போனது. ஆனால் படமெங்கும் வெள்ளைப் புள்ளி கொட்டியது. "ஒரு வூட்டுக்காக ஊர கெடுக்காத, வேலைய வுட்டு அனுப்பிடுவேன்" என்றார் முதலாளி. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

ஆன்டெனா நிற்கும் குழாயில் இரண்டு திசைக்கும் பெயின்டால் கோடு போட்டு வைத்தேன். ஞாயிறு மதியம் ஊர் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரத்தில் ரெஞ்சோடு ஏறித் திருப்புவேன், செய்தி முடிந்ததும் பழையபடி வைப்பேன். முதல் வாரம் முழுக்க, முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டாலே ரெஞ்சை டெக்குக்குப் பின்னால் தள்ளினேன்.

அடுத்த வாரம் இருவரும் வந்தார்கள். பாய்க்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நூர்ஜஹான் தரையைப் பார்த்தபடி நின்றார். "இப்பதான் முழுசா புரியுதாம் தம்பி. இத்தினி நாளா பாதி செய்தி இவளே கட்டி வுட்டதாம், அத நான் கடையில வேற சொல்லிட்டேன்!"

ஊர் முழுக்கத் தெளிவாகத் தெரியும் திசை ஒன்று உண்டென்று எவராவது சொன்னால், அவர் கையில் ஒரு ரெஞ்சைக் கொடுத்து அந்த மொட்டை மாடி வெயிலில் நிறுத்திப் பார்க்க எனக்கு இன்னும் ஆசைதான்.